ஒன்பது மீட்டர் தெரு

இருபத்தெட்டு வருஷம் ஊரார் தெருவையெல்லாம் டேப் பிடித்து அளந்த சர்வேயர், கடைசியில் சொந்தத் தெருவில்தான் சறுக்கினார். சறுக்கினார் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். தெரிந்தே கால் வைத்த இடத்தைச் சறுக்கல் என்று சொல்லலாமா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

அவர் வீடு வாங்கிய காலத்தில் அந்தத் தெருதான் நகரத்தின் கடைசி. பஸ் அதுவரை வந்து, திரும்ப இடமில்லாமல் முக்கி முனகித் திரும்பிப் போகும். பிறகு ரயில் வந்தது, பெரிய ஆஸ்பத்திரி வந்தது, ஆஸ்பத்திரியைச் சுற்றி இன்னும் என்னென்னவோ வந்தன. வாடகை ஏறிய வேகத்தில், அந்த ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவர்களே அதன் பக்கத்தில் குடியிருக்க முடியாமல் போயிற்று.

சர்வேயரின் தங்கை அங்கேதான் நர்ஸ். புருஷன் பஸ் டிரைவர், ஒரே மகள், பக்கத்துத் தெருவில் ஒரு மாடிப் போர்ஷன். டூட்டி முடிந்து போகிற வழியில் அண்ணன் வீட்டுக்குள் நுழைவாள். செருப்பைக் கழற்றும்போதே "அண்ணி, டீ!" என்று குரல் கொடுப்பாள். கால் மணி நேரந்தான் இருப்பாள். அதற்குள் ஆஸ்பத்திரிக் கதை, புருஷன் கதை, மகள் கதை எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்துவிட்டு, போகிற போக்கில் அண்ணனையும் ஒரு வாரு வாரிவிட்டுப் போவாள்.

"ஊர்ல எல்லார் இடத்தையும் அளக்கிற. உன் இடுப்பை எப்பண்ணா அளக்கப் போற?"

அந்தக் கால் மணி நேரம் இல்லாத நாள் சர்வேயருக்கு நாளாகவே படாது. ஊரில் எல்லாரிடமும் விறைப்பாகப் பேசுகிறவர், அவளிடம் மட்டும் வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொள்வார்.

அவர்கள் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் இடத்தை விற்கப் போவதாகச் சொல்லி ஆறு மாதம் ஆகியிருந்தது. அக்கம்பக்கத்தில் பார்த்த வீடெல்லாம் எட்டாத உயரத்தில் இருந்தன. வாடகையைத்தான் சொல்கிறேன். "என்னம்மா பண்ணப் போறீங்க?" என்று அண்ணன் கேட்டால், "ஏதாவது வழி பொறக்கும்ண்ணா" என்று சிரிப்பாள். எதையோ மறைக்கிறாள் என்று அவருக்குத் தோன்றும். ஆனால் அவளாகச் சொன்னால்தான் உண்டு, நோண்டிக் கேட்டு எதையும் வாங்க முடியாது.

தெருக்கோடியில் அட்டைப்பெட்டி செய்கிற கம்பெனி ஒன்று மூடிக்கிடந்தது. அந்த இடம் விலைக்கு வந்தபோது, நர்ஸ், டிரைவர், துப்புரவுக்காரர், பள்ளிக்கூட ஆயா என்று நாற்பத்திரண்டு குடும்பங்கள் சேர்ந்து ஒரு சங்கம் அமைத்தார்கள். ஏழு மாடி, மாடிக்கு ஆறு சின்ன வீடு. இடத்தின் விலையை நாற்பத்திரண்டாகப் பங்கு போட்டால்தான் அவர்களுக்குக் கட்டுப்படியாகும். ஒரு மாடி குறைந்தாலும் கணக்கு உதைக்கும்.

நர்ஸ் என்ற சொல் காதில் விழுந்ததும் சர்வேயர் தங்கையைக் கேட்கத்தான் செய்தார்.

"நீயும் அதுல இருக்கியாம்மா?"

"ஆமா, நான் மேல் மாடி முழுசா வாங்கியிருக்கேன். போண்ணா, என்கிட்ட ஏது அவ்வளவு பணம்?"

அவர் அதை நம்பிவிட்டார். நம்புவது வசதியாகவும் இருந்தது.

தெருவுக்கு விஷயம் தெரிந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பல் டாக்டர் வீட்டு ஹாலில் கூட்டம் கூடியது. ஓய்வுபெற்ற பேங்க் மேனேஜருக்குத் தண்ணீர்க் கவலை. பாட்டு டீச்சருக்கு வெளிச்சக் கவலை. டாக்டருக்குக் கார் நிறுத்துகிற கவலை. ஒருவர் விடாமல் எல்லாரும் ஒரே மாதிரி ஆரம்பித்தார்கள்.

"அவங்க நல்ல ஜனங்கதான். நான் ஒண்ணும் தப்பா சொல்லலை. ஆனா நம்ம தெரு தாங்குமா?"

நல்ல ஜனங்கள் ஊசி போட வேண்டும், பஸ் ஓட்ட வேண்டும், குப்பை அள்ள வேண்டும். பொழுது சாய்ந்ததும் கண்ணில் படாத தூரத்துக்குப் போய்விட வேண்டும். யாரும் இதை இப்படிப் பச்சையாகச் சொல்லவில்லை, அவ்வளவுதான். கூட்டத்துக்கு டீ கொண்டுவந்து வைத்த வேலைக்காரம்மா இரண்டு பஸ் மாறி வருகிறவள். அவளை ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, சர்வேயருக்கும்தான்.

விதி எளிமையானது. தெரு முழு நீளத்துக்கும் ஒன்பது மீட்டர் அகலம் இருந்தால் ஏழு மாடி கட்டலாம். ஏதாவது ஓர் இடத்தில் குறைந்தாலும் மூன்று மாடிதான். அளந்து சொல்ல வேண்டியவர் அந்த வட்டாரத்துச் சர்வேயர். ஹாலில் இருந்த அத்தனை முகமும் அவர் பக்கம் திரும்பியது.

"நீங்க பொய் எழுத வேணாம் சார்," என்றார் டாக்டர். "இருக்கிறதை அளங்க. எங்க வீட்டு வாசல்ல கொஞ்சம் பாத்து அளங்க, போதும்."

ஏழு மாடி எழும்பினால் தன் மொட்டை மாடிக்கு மூன்று மணிக்கே வெயில் போய்விடும் என்று சர்வேயரும் கணக்குப் போட்டு வைத்திருந்தார். ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால், வெயில்கூடப் பெரிய காரணமில்லை. அத்தனை வருஷம் அவரைக் கண்டால் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போன தெரு, அன்றைக்கு அவரை நடு நாற்காலியில் உட்கார வைத்திருந்தது. அது அவருக்குப் பிடித்திருந்தது.

தெருவை அளப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. சுவரிலிருந்து சுவருக்கு அளக்கக் கூடாது. சுவர் ஆளுக்குத் தக்கபடி முன்னே வரும். எல்லைக்கல்லிலிருந்து எல்லைக்கல்லுக்குத்தான் அளக்க வேண்டும். கல் மண்ணுக்குள் போயிருந்தால் தோண்டி எடுத்துப் பார்க்க வேண்டும். டாக்டர் பத்து வருஷத்துக்கு முன்னால் காம்பவுண்டுக்கு வெளியே அரை மீட்டருக்குத் தெருவை இழுத்துப் போட்டுச் சிமெண்டில் ஒரு பூச்செடி மேடை கட்டியிருந்தார். கட்டும்போதே சர்வேயர் பார்த்தார். "கல்லு மேலயே கட்டிட்டீங்களே டாக்டர்" என்று சிரித்துக்கொண்டே சொன்னதும் அவர்தான்.

அளக்கிற அன்று டேப்பின் மறுமுனையைப் பிடித்திருந்த உதவியாளர், அவரைப்போலவே தலை நரைத்த மனிதர், மேடை அருகே வந்ததும் கடப்பாரையை எடுத்தார்.

"இதுக்கடியில கல்லு இருக்கும்போல சார். தோண்டிப் பாத்துரவா?"

பால்கனியிலிருந்து டாக்டர் பார்த்துக்கொண்டிருந்தார். எதிர் ஜன்னலில் பாட்டு டீச்சர்.

"வேணாம் விடுப்பா. செடி பாழாயிடும்."

உதவியாளர் ஒரு நொடி அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, டேப்பை மேடையின் விளிம்பில் வைத்தார். தெரு முழுக்க ஒன்பது மீட்டர் பதினைந்து சென்டிமீட்டர். அந்த ஓர் இடத்தில் மட்டும் எட்டு மீட்டர் அறுபது. சர்வேயர் அதைத்தான் எழுதினார். டேப்பில் இருந்ததைத்தானே எழுதினேன் என்று அன்று முழுக்கத் தனக்குத்தானே பூசி மெழுகிக்கொண்டார்.

மூன்று மாடிக்குத்தான் அனுமதி வந்தது. பதினெட்டு வீட்டுக்கு அந்த இடத்தின் விலை தாங்காது. சங்கம் ஒதுங்கிக்கொள்ள, மாடிக்கு இரண்டு பெரிய வீடாகக் கட்டுகிற இன்னொருவர் விலை பேச ஆரம்பித்தார். தெருவில் எல்லாருக்கும் மூச்சு வந்தது. டாக்டர் வீட்டிலிருந்து ஒரு கூடைப் பழம் வந்தது.

அதே சாயங்காலம் தங்கை வந்தாள். டீ கேட்கவில்லை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

"நாங்க அந்தப் பக்கம் போறோம்ண்ணா, ஆத்துக்கு அப்பால. ஒரு வீடு பாத்தாச்சு. ஆஸ்பத்திரிக்கு வர ஒன்றரை மணி நேரமாகும். என்ன பண்றது?"

"ஏம்மா, இங்க ஏதோ வழி பொறக்கும்னு சொன்னியே?"

"அந்த நாப்பத்திரண்டுல ஒண்ணு எங்களுதுண்ணா. நாலாவது மாடி." அவள் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "உன்கிட்ட வேணும்னேதான் மறைச்சேன். நீ அளக்கப்போற இடம். நான் அதுல இருக்கேன்னு தெரிஞ்சா, நாளைக்கு ஏழு மாடி வந்தாலும் 'தங்கச்சிக்காக அளந்தான்'னு நாலு பேர் பேசுவாங்க. உன் பேர் கெடக்கூடாதுல்ல?"

இப்போதே சொல்லிவிடலாம் என்று சர்வேயர் வாயைத் திறந்தார். "அப்படியா" என்று மட்டும் சொன்னார். அவள் போன பிறகு அவர் மனைவி அந்தப் பழக்கூடையைத் தூக்கிக்கொண்டு வந்து "இதை என்ன பண்றது?" என்று கேட்டாள். அவருக்கு ஓங்கி எட்டி உதைக்கலாம்போல வந்தது, கூடையை அல்ல, தன்னை.

அளவில் சந்தேகம் என்றால் முப்பது நாளுக்குள் மனுப் போடலாம். போட்டால் வேறு சர்வேயர் வந்து மறுபடி அளப்பார், மேடையை இடிப்பார், கல் வெளியே வரும். "நான் கவனிக்கவில்லை" என்று தானும் தலையைச் சொறிந்துகொண்டு தப்பிக்கலாம். பாருங்கள், அந்த நிலையிலும் மனுஷன் தனக்கு ஒரு சந்து பார்த்து வைத்துக்கொண்டார். சங்கத்தில் யாராவது ஒருவருக்காவது சந்தேகம் வராமலா போகும் என்று காத்திருந்தார். தினமும் காலையில் தபால் பிரிவு அம்மாவின் மேஜையருகே போய் நிற்பார்.

"மனு ஏதும் வந்துச்சாம்மா?"

"நீங்க அளந்ததுக்கு மனுவா? நல்லா இருக்கே சார்!" என்று அந்த அம்மா சிரிப்பாள். அவர் அளவுக்கு எதிராக அந்த ஆபீசில் ஒரு மனுகூட வந்ததில்லை என்பது அவளுக்குப் பெருமை.

அவரே எழுதலாம். ஒரு வெள்ளைத்தாள், நாலு வரி போதும். இருபதாம் நாள் எடுத்தார். 'ஐயா' என்று எழுதினார், தேதி போட்டார். அதற்குமேல் பேனா நகரவில்லை. வேலையில் இன்னும் இரண்டு வருஷம் பாக்கி இருந்தது. நடு நாற்காலியும் நினைவுக்கு வந்தது. தாளை மடித்துப் பையில் வைத்தார், இரண்டு நாள் கழித்துக் கிழித்தார். முப்பது நாளும் ஓடிவிட்டது. அடுத்த வாரம் இடம் கைமாறி, பத்திரமும் பதிவாயிற்று.

வீடு மாறுகிற அன்று லீவு போட்டுவிட்டுப் போனார். மாப்பிள்ளை கீழே லாரியில் கட்டில் சட்டங்களை ஏற்றிக் கட்டிக்கொண்டிருந்தார். மகள் மின்விசிறியைக் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு படியிறங்கினாள். மாடியில் தங்கை கடைசி மூட்டையைக் கட்டிக்கொண்டிருந்தாள். காலி அறையில் பீரோ நின்ற இடம் மட்டும் சுவரில் வெளுக்காமல் இருந்தது.

"அந்த அளவு தப்பும்மா," என்றார்.

"எந்த அளவு?"

"டாக்டர் வீட்டு வாசல்ல அளந்தது. மேடைக்கு அடியில கல் இருக்கு. தோண்டாம விட்டுட்டேன். நம்ம தெரு ஒன்பதுக்கு மேலதான்."

அவள் கை முடிச்சிலேயே நின்றது.

"மறந்துட்டியா?"

ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் அதோடு போயிருக்கும். அந்த ஒரு பொய்யை மட்டும் அவர் சொல்லவில்லை.

"இல்லம்மா. தெரிஞ்சேதான்."

கீழே மாப்பிள்ளை கயிற்றை இழுத்துக் கட்டுகிற சத்தம் கேட்டது. அவள் போட்ட முடிச்சையே அவிழ்த்து மறுபடி போட்டாள். அவர்தான் மேலே பேசிக்கொண்டு போனார், பேசியிருக்கக் கூடாததை.

"நீங்க ஏம்மா மனுப் போடல? முப்பது நாளும் நான் அதைத்தான் பாத்துட்டு இருந்தேன். ஒரே ஒரு மனு போட்டிருந்தா எல்லாம் வெளிய வந்திருக்கும்..."

தங்கை நிமிர்ந்து பார்த்தாள். அவள் கண்ணில் கோபத்தைத் தேடினார். கோபமில்லை. அதைவிடக் கஷ்டமான ஏதோ இருந்தது.

"போடறதாத்தான் இருந்தாங்கண்ணா. மனு எழுதி, நாப்பத்தோரு பேரும் கையெழுத்துப் போட்டாச்சு. நான்தான் போடல. எந்திரிச்சு நின்னு, அளந்தது எங்க அண்ணன்னு அன்னைக்குத்தான் சொன்னேன். அவர் அளந்தா அதுல தப்பு இருக்காது, என் வீடே போனாலும் பரவாயில்ல, அவர்மேல சந்தேகப்பட்டு மனுப் போடாதீங்கன்னு கெஞ்சினேன். என் முகத்துக்காக விட்டுட்டாங்க."

சர்வேயருக்கு அந்த வெற்று அறையில் சாய்ந்து நிற்க ஒரு சுவர்கூட இல்லாததுபோல் இருந்தது.

"நான் வந்து அவங்ககிட்ட சொல்றேம்மா. எல்லார்கிட்டயும் சொல்றேன்."

"நீ வராத." மூட்டையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். வாங்கிக்கொள்ள நீண்ட அவர் கையைப் பார்க்காத மாதிரி நகர்ந்தாள். "மனுவை நிறுத்தினது நான். நாப்பத்தோரு வீட்டுக்கும் நான்தான் போய்ச் சொல்லணும். பாதிப் பேர் ஏற்கெனவே காலி பண்ணிப் போயிட்டாங்க. எங்க போனாங்கன்னே தெரியாது. தேடணும்."

அவள் படியிறங்கினாள். லாரி கிளம்புகிற சத்தம் கேட்டு அவர் ஜன்னலுக்கு வந்தபோது அது திருப்பத்தைத் தாண்டியிருந்தது. வீட்டுச் சொந்தக்காரரின் ஆள் பூட்டோடு வந்து, "சார், நீங்க இன்னும் போகலையா?" என்று கேட்கும்வரை அவர் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.