பூஜ்யம் காட்டிய சீட்டு

போக்குவரத்துக் காவல் நிலையத்தில் ஏட்டுக்குப் பட்டப்பெயர் 'சுத்தம்'. இருபத்தாறு வருட வேலையில் ஒரு சொட்டுகூடத் தொடாத மனிதர். பள்ளிக்கூடம், தொழிற்சாலை என்று மாதம் இரண்டு இடத்தில் 'குடித்துவிட்டு வண்டி ஓட்டாதீர்' கூட்டம் நடக்கும். பேசுவது ஏட்டுதான். பேசி முடித்ததும் ஊதுகிற மெஷினை எடுத்துப் புதுக் குழாய் மாட்டி, எல்லார் முன்னாலும் தம் பிடித்து ஊதுவார். மெஷின் ஒரு சீட்டைத் துப்பும். பூஜ்யம். கூட்டம் கைதட்டும். அந்தக் கைதட்டல் அவருக்கு ரொம்பப் பிடிக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அந்தப் பூஜ்யத்துக்கு நிலையத்தில் இன்னொரு உபயோகமும் இருந்தது. சோதனையில் நிறுத்திய வண்டிக்கெல்லாம் சீட்டு இருக்க வேண்டும் என்பது இன்ஸ்பெக்டர் உத்தரவு. மாட்டுகிற ஆள் ஒரு போலீஸ்காரரின் சம்பந்தியாகவோ எழுத்தரின் சித்தப்பாவாகவோ இருந்து, வாயைத் திறந்தாலே வாடை அடித்தால் என்ன செய்வது? "நம்ம ஆளுக்கு ஏட்டையா ஊதுவாரு" என்பார்கள். ஏட்டும் ஊதுவார். சீட்டில் வண்டி எண் அவர்களுடையது, மூச்சு இவருடையது.

இதற்கும் அவர் ஒரு நியாயம் வைத்திருந்தார். எந்தக் காரியத்துக்குத்தான் மனிதனுக்கு நியாயம் கிடைக்காமல் போயிருக்கிறது! சீட்டைக் கொடுத்தாலும் சாவியைக் கொடுக்க மாட்டார். "தெளிஞ்சப்புறம் சாயங்காலமா வந்து வாங்கிக்குங்க" என்று ஆளை நடக்கவிட்டே வீட்டுக்கு அனுப்புவார். வண்டிதான் நகரவில்லையே, யாருக்கு என்ன கெடுதல்?

அன்று காலை ஏழரை மணிக்கு நிறுத்திய வேனை ஓட்டிவந்தது அவருடைய தங்கை கணவர். ஆடைத் தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றுகிற வேன். ராத்திரி குடித்தது காலையில் குளித்தால் இறங்கிவிடும் என்று நம்புகிற ரகம். வாயில் இரண்டு புதினா மிட்டாய் வேறு.

"நேத்து கொஞ்சம்தான் மச்சான். தூங்கி எந்திரிச்சாச்சு, இப்ப ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாமத்தான் இவ்வளவு நெடி அடிக்குதா மாப்பிள்ளை?"

"நீங்க ஊதிட்டு விடுங்க மச்சான்."

ஏட்டு ஊதினார். பூஜ்யம். பிறகு சாவிக்காகக் கையை நீட்டினார். மாப்பிள்ளை அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அங்க ஆளுங்க காத்துக்கிட்டு நிக்கறாங்க. இன்னைக்கும் லேட்டுன்னா வேலையே போயிடும். ரெண்டு தெருதான் மச்சான்."

ஏட்டு தங்கையை நினைத்தார், அவள் இரண்டு பிள்ளைகளை நினைத்தார். நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். "பாத்து, மெதுவா போங்க" என்றும் சொன்னார், மகராசன்.

இரண்டாவது தெரு முனையில் சைக்கிளில் வந்த தபால்காரர் அந்த வேனில் அடிபட்டுச் செத்துப்போனார்.

மாப்பிள்ளை வேனை அப்படியே போட்டுவிட்டு ஓடிவிட்டார். மறுநாள் மதியம் வக்கீலோடு வந்து சரணடைந்தபோது ரத்தத்தில் பரிசோதிக்க ஒன்றும் மிச்சமில்லை. மிச்சமிருந்தது சீட்டு மட்டும். விபத்துக்கு ஐந்து நிமிடம் முன்னால் எடுத்தது, பூஜ்யம். அது கோப்பில் ஏறியதும் விசாரணை தன்னாலேயே திசை மாறியது. ஓட்டியவர் தெளிவாக இருந்தார் என்றால் தவறு யாருடையது? சைக்கிளைப் புரட்டிப் பார்த்தார்கள். பின் பிரேக் கட்டை தேய்ந்திருந்தது. பிரேக் பிடிக்காமல் குறுக்கே வந்துவிட்டார் என்று எழுதினார்கள். செத்தவர் எழுந்து வந்து மறுக்கவா போகிறார்!

அன்று சோதனையில் உடன் நின்ற இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. அவர்கள் வீட்டு மனிதர்களின் பூஜ்யங்களும் பழைய கோப்புகளில் இருந்தன. தங்கை ஒரு நடை வந்து போனாள். "செத்தவரு திரும்பி வரப்போறதில்லண்ணே. உசுரோட இருக்கிற எங்களப் பாரு" என்றாள். ஏட்டு தலையாட்டினார். அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த கூட்டத்தில் மெஷினை வாயில் வைத்தபோது தம் கட்டவில்லை. மறுபடி ஊதவும், மறுபடி ஊதவும் என்று மெஷின் காட்டிக்கொண்டே இருந்தது. முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

பதினேழாம் நாள் முற்பகலில் தபால்காரரின் மனைவி நிலையத்துக்கு வந்தார். தையல் வேலை செய்கிறவர். தோளில் அளவு நாடா தொங்கியதையே மறந்து கிளம்பியிருந்தார். சண்டை போடத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்ததும் ஏட்டுக்கு உள்ளே ஒரு நிம்மதி. வயிற்றெரிச்சல் தீரத் திட்டட்டும்.

"அந்த டிரைவர அன்னைக்கு நிறுத்திப் பாத்தது நீங்கதானாய்யா?"

"ஆமாம்மா."

"எவனோ குடிகாரன்தான் அடிச்சுட்டான்னு வாய்க்கு வந்தபடி சபிச்சுட்டேன்யா. அவன் குடும்பம் விளங்காமப் போகட்டும்னு சொன்னேன். இப்ப விசாரிச்சா, அவரு குடிக்கவே இல்லையாமே. நீங்களே ஊதவச்சுப் பாத்தீங்களாமே."

ஏட்டு மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"அந்த பிரேக் கட்டைய ஞாயித்துக்கிழமை மாத்தறேன்னுதான் கிளம்பினாரு. ஒரு அவசரத் துணி இருக்கு, கூட உக்காந்து பொத்தான் தச்சுக் குடுங்கன்னு நான்தான் நிறுத்தி வச்சேன். மக கேட்டா, அப்பா ஏம்மா செத்தாருன்னு. என்னாலதான்டின்னு சொல்லிட்டேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அவ கேக்கமாட்டேங்கறா. டிரைவர் மேலதான் தப்புன்னு ஒத்தக் கால்ல நிக்கறா. அந்தச் சீட்ட நகல் எடுத்துக் குடுங்கய்யா. பாத்தாவது நம்பட்டும்."

ஏட்டு கோப்பை எடுத்தார். கட்டைவிரல் அகலத்தில் ஒரு சீட்டு. வண்டி எண், நேரம், பூஜ்யம். ஜன்னலுக்கு வெளியே நின்ற நிலையத்து ஜீப் டிரைவர், வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். பக்கத்து அறையில் இன்ஸ்பெக்டர் யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தார். கதவு பாதி திறந்திருந்தது.

"உங்க மக சொல்றதுதாம்மா சரி" என்றார் ஏட்டு. "இத ஊதினது அவரில்ல. நான்."

அந்தம்மாவுக்கு விளங்கவில்லை. "என்னய்யா சொல்றீங்க?"

இன்னொரு தடவை சொல்ல வேண்டியதாயிற்று. இந்தத் தடவை நிலையம் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார். "டிரைவர் என் தங்கச்சி புருஷன். குடிச்சிருந்தாரு. அவருக்குப் பதிலா நான் ஊதினேன். சாவியையும் வாங்காம விட்டுட்டேன்."

போன் பேச்சு நின்றது.

அந்தம்மா கத்துவார், அடிப்பார் என்று ஏட்டு காத்திருந்தார். எதுவும் நடக்கவில்லை. அந்தம்மா மெதுவாகப் பெஞ்சில் உட்கார்ந்து, தோளில் கிடந்த நாடாவை இழுத்துக் கையில் சுற்றினார்.

"பத்து வயசுப் பிள்ளைகிட்ட, உங்கப்பன நான்தான் கொன்னேன்னு சொல்லியிருக்கேனேய்யா" என்றார். "அத நான் எப்படித் திருப்பி வாங்கறது?"

ஏட்டு கோப்பை மூடாமல் மேசைமேல் வைத்தார். பக்கத்து அறையிலிருந்து இன்ஸ்பெக்டர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து வந்தார்.