தலைவருக்காகக் கடலை மூடிய நாள்

ஊர் சார்பில் மேடையேறிப் பேச ஓர் ஆள் வேண்டும் என்றதும் எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். என் வாய் அப்படி. தாழ்வுபாட்டுக்கு நண்டு வாங்க வருகிற வியாபாரிகள் என் வீட்டுக்காரர் பஸ்ரியனிடம் சிரித்துச் சிரித்து விலை பேசுவார்கள். நான் வாடிக் கொட்டிலுக்குள்ளிருந்து வெளியே வந்தால் சிரிப்பை நிறுத்திவிட்டுத் தராசைத் திருத்துவார்கள்.

சனாதிபதித் தேர்தலுக்கு நின்றவர்களில் ஒருவர், அப்போது அமைச்சராகவும் இருந்தவர், ஊர் ஊராகப் போய் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார். உங்களுக்கு எப்படிப்பட்ட தலைவர் வேண்டும்? இதுதான் கேள்வி. மற்றவர்கள் வந்து தங்கள் பெருமையைச் சொல்லிவிட்டுப் போக, இந்த மனிதர் நம்மிடம் கேட்கிறாரே என்று சனத்துக்குப் புளுகம், ஒரே சந்தோசம். எங்கள் கடற்கரையிலும் மேடை போடப் போவதாக ஒலிபெருக்கி கட்டிய ஓட்டோ வந்து சொல்லிவிட்டுப் போனது.

கோயில் மண்டபத்தில் கூடினோம். கடற்றொழிலாளர் சங்கத் தலைவர் கொன்ஸ்ரன்ரைன் கதிரையைத் திருப்பிப் போட்டு இருந்துகொண்டு, "ஒவ்வொராளாச் சொல்லுங்கோ, எங்களுக்கு எப்பிடியான ஆள் வேணும்?" என்றார். படித்தவர் வேண்டும் என்றார் ஒருவர். படித்தவர்கள் ஆண்டபோதுதானே மண்ணெண்ணெய்க்கு வரிசையில் கிடந்தோம் என்றார் இன்னொருவர். தமிழ் தெரிந்தவர், இனம் சமயம் பாராதவர், தன் குடும்பத்துக்குப் பதவி கொடுக்காதவர், களவெடுக்காதவர் என்று குரல்கள் வந்துகொண்டிருந்தன. பின்வரிசை வாங்கிலில் இருந்து யாரோ, "களவெடுத்தாலும் பரவாயில்லை, றோலரை நிப்பாட்டினாக் காணும்" என்றார். எல்லோரும் சிரித்தோம். அக்கரையிலிருந்து, இந்தியாவிலிருந்து வருகிற அந்த இழுவைப் படகுகள் கிழித்துப்போட்ட வலை எல்லார் வீட்டு வளவிலும் கிடந்தபடியால் அந்தச் சிரிப்பு நீளவில்லை.

பஸ்ரியன் கதவோடு சாய்ந்து நின்றார். அவரிடமும் கேட்டார்கள்.

"றோஸ்மேரியைப்போல வாய் உள்ள ஆள் மட்டும் வேண்டாம்," என்றார். "எனக்கு வீட்டில ஒராள் காணும்."

அதற்குத்தான் மண்டபம் நன்றாகச் சிரித்தது. நான் முறைத்தேன். முப்பது வருடமாக முறைக்கிறேன், அந்த மனிதர் ஒருநாளும் பயந்ததில்லை.

என்ன பேச வேண்டும் என்று கொன்ஸ்ரன்ரைன் எனக்குச் சொல்லித் தந்தார். நேர்மை, சமத்துவம், தொலைநோக்கு, பிறகு இழுவைப் படகு, காற்றாலை, மணல் அகழ்வு. இரவில் பாயில் படுத்திருந்த பஸ்ரியனுக்கு நான் அதைச் சொல்லிக் காட்டினேன்.

"தொலைநோக்கெண்டால் என்னப்பா?" என்றார்.

"தூரத்தைப் பாக்கிறது."

"அப்ப அவருக்குக் காத்தாடியள்தான் தெரியும். கீழ நிக்கிற நாங்கள் தெரியமாட்டம்."

மகள் டிலோஜினி விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அந்தச் சொல்லைப் பேச்சிலிருந்து எடுத்துவிட்டேன்.

கூட்டத்துக்கு முதல்நாள் மாலையில் புதிய அறிவிப்பு ஒன்று வந்தது. மேடை கடற்கரையில் இருப்பதால், விடிந்ததிலிருந்து ஐயா புறப்படும்வரை எங்கள் கரையில் படகு இறக்கக் கூடாது. வெளியே நிற்பவர்கள் கரைக்கு வரலாம், கரையில் நிற்பவர்கள் வெளியே போக முடியாது. பாதுகாப்புக்காம். பஸ்ரியனின் நண்டு வலை அப்போது கடலில் கிடந்தது. அடுத்த இரவு இழுவைப் படகுகள் வருகிற இரவு. அதற்குள் ஐயா புறப்படுவாரா என்று யாருக்கும் தெரியாது. வலையை விட்டுவைத்தால் நூல்கூட மிஞ்சாது.

"இருட்டோட போய்த் தூக்கிக்கொண்டு வாறன்," என்றார்.

வழக்கமாகக் கூடப் போகிற அவருடைய தம்பி ரொபின்சன், சங்கத்துப் பெடியங்களோடு மேடைக்குப் பந்தல் கட்டப் போயிருந்தான். தனியப் போக வேண்டாம், சோளகக் காற்று கடுமையாக அடிக்கிறது என்றேன். கூட்டம் தொடங்குவதற்கு முன் வந்துவிடுவேன் என்றார். "நீ பயத்தில பாடமாக்கினதை மறந்தாலும் மறப்பாய். நான் முன்னுக்கு நிண்டு ஞாபகப்படுத்துறன்," என்று சொல்லிக்கொண்டே துடுப்பைத் தோளில் வைத்தார். அதுதான் அவர் என்னோடு பேசிய கடைசிப் பேச்சு.

விடிந்தது. இருட்டோடு போனவர்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். இவரைக் காணவில்லை. வெயில் ஏறிய பிறகு ரொபின்சன் பந்தல் கயிற்றை விட்டுவிட்டு ஓடிவந்தான். கடைசியாக வந்த படகுக்காரர், பஸ்ரியன் தெற்கே வலை தூக்கிக்கொண்டு நின்றதைக் கண்டிருக்கிறார். அந்தப் பக்கம் அலை வெள்ளை வெள்ளையாக உடைந்துகொண்டிருந்ததாம். போன் அடித்தோம். வேலை செய்யவில்லை.

"மச்சாள், நாங்கள் படகை இறக்கப் போறம்," என்றான் ரொபின்சன்.

கரையில் துவக்கோடு காவல் நின்ற கடற்படைக்காரர் இருவருக்கும் இருபது வயது தாண்டியிராது. ஆட்கள் படகில் கை வைத்ததும் ஒருவன் குறுக்கே வந்து நின்றான். விசயத்தை அரைகுறைச் சிங்களத்தில் சொன்னோம். அவன் முகம் மாறியது. உடனே போன் எடுத்து மேலதிகாரியோடு பேசினான். பிறகு, "டிக்கக் இன்ன," என்றான். கொஞ்சம் பொறுங்கள் என்று அர்த்தம். தேடிப் போகக்கூடிய கடற்படையின் பெரிய படகுகள் கொஞ்சத் தூரத்தில் வரிசையாக நின்று மேடைக்குக் காவல் காத்தன. அவர்களிடமும் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார்கள்.

எங்கள் ஆட்கள் படகிலிருந்து கையை எடுத்தார்கள். இதை வெளியூரவர்களுக்கு விளங்கப்படுத்துவது கடினம். இருபது பேர் சேர்ந்து பத்துப் படகைத் தள்ளியிருந்தால் அந்த இரண்டு பிள்ளைகளும் சுட்டிருக்கப் போவதில்லை. ஆனால் யுத்த காலம் முழுக்க பாஸ் இல்லாமல் கடலில் இறங்கினால் என்ன நடக்கும் என்று பார்த்துப் பழகிய ஊர் எங்களுடையது. துவக்கோடு ஒருவன் பொறு என்றால் நாங்கள் பொறுப்போம். கால் தானாக நின்றுவிடும். யுத்தம் முடிந்து இத்தனை காலமாகியும் எங்கள் கால்களுக்கு அதை யாரும் சொல்லவில்லை.

கொன்ஸ்ரன்ரைன் என் தோளைத் தொட்டார். "தங்கச்சி, நீங்கள் எப்பிடியும் மேடைக்குப் போறியள்தானே. ஐயாவிட்ட நேர சொல்லுங்கோ. அவர் ஒரு சொல்லுச் சொன்னாக் காணும், எல்லாம் திறபடும்."

அது சரியாகத்தான் பட்டது. போய் மேடைக்குப் பக்கத்தில் இருந்தேன். ஐயா வரப் பிந்தியது. நான் கடலைப் பார்த்துக்கொண்டே செபமாலை சொன்னேன். டிலோஜினி என் கையைப் பிடித்தபடி இருந்தாள். உச்சி வெயிலில் ஹெலி வந்து இறங்கியது. மாலை போட்டார்கள், விளக்கேற்றினார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் பாட்டுப் பாடினார்கள். ஒரு பாட்டில் எத்தனை சரணம் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் கவனித்தேன். நடுவில் ஓடிப்போய்க் கத்தலாமா என்று நினைத்தேன். கத்தினால் தூக்கிக்கொண்டு போய் வெளியே விடுவார்கள், கிடைத்த சந்தர்ப்பமும் போய்விடும் என்று அடங்கியிருந்தேன்.

கடைசியில் என் பெயரைக் கூப்பிட்டார்கள். மேடையிலிருந்து பார்த்தால் கடற்கரை முழுக்கத் தெரிந்தது. ஐயா வணக்கம் சொல்லிவிட்டு, மொழிபெயர்ப்பாளர் மூலமாக அந்தக் கேள்வியைக் கேட்டார். எப்படிப்பட்ட தலைவர் வேண்டும் அம்மா?

"ஐயா, நான் வேற பேசத்தான் வந்தனான்," என்றேன். "என்ர மனுசன் விடிய முதல் கடலுக்குப் போனவர், இன்னும் வரேல்லை. தேடிப்போக எங்கட ஆக்கள் ரெடியா நிக்கினம். நீங்கள் வாறபடியால் படகு இறக்க விடுகினமில்லை. இப்ப இறக்கச் சொல்லுங்கோ. எனக்கு வேண்டிய தலைவர் அவ்வளவுதான். இப்ப இதைச் செய்யிறவர்."

மொழிபெயர்ப்பாளர் தடுமாறித் தடுமாறிச் சொல்லி முடித்தார். ஐயா கதிரையை விட்டு எழுந்து வந்து என் இரண்டு கைகளையும் பிடித்தார். அவர் கண் கலங்கியிருந்தது. நடிப்பென்று பிறகு பலர் சொன்னார்கள். நான் முகத்துக்கு முன்னால் நின்று பார்த்தவள், அது நடிப்பில்லை. பின்னால் நின்ற உதவியாளரைத் திரும்பிப் பார்த்துச் சிங்களத்தில் கடுமையாக ஏதோ சொன்னார். உதவியாளர் தலையாட்டிவிட்டுக் கீழே நின்ற அதிகாரியிடம் குனிந்து பேசினார். அதிகாரியும் தலையாட்டிவிட்டு போனைக் காதில் வைத்தார். ஐயா என்னிடம், சொல்லியாயிற்று, பயப்பட வேண்டாம் என்றார். ஒரு கைதட்டல் எழும்பியது பாருங்கள், அப்படியொரு கைதட்டலை எங்கள் ஊர் திருநாளுக்கும் நான் கேட்டதில்லை. சிலர் அழுதார்கள். நானும் அழுதேன். கடவுளே, இப்படியொருவரைத்தானே இவ்வளவு காலமும் தேடினோம் என்று மனதார நினைத்தேன்.

மேடையால் இறங்கிக் கரைக்கு ஓடினோம். ரொபின்சன் எஞ்சினைப் பூட்டித் தயாராக நின்றான். துவக்குப் பிள்ளை போனைப் பார்த்தான், எங்களைப் பார்த்தான். உத்தரவு வரவில்லை என்றான்.

"ஐயா இப்பத்தான் சொன்னவர். எல்லாருக்கும் முன்னால சொன்னவர்," என்றேன்.

"டிக்கக் இன்ன, அம்மா."

"வரும், வரும். ஐயா சொல்லிப்போட்டார்," என்று எங்கள் பக்கத்திலும் சொன்னார்கள். அவ்வளவு பெரிய மனிதர் சொன்ன பிறகு அவசரப்பட்டு அதைக் கெடுத்துக்கொள்ள யாருக்கும் மனமில்லை. ஒலிபெருக்கியில் ஐயாவின் பேச்சு எங்களுக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. மக்கள் சொல்வதைக் கேட்பவனே தலைவன் என்றார். மொழிபெயர்ப்பாளர் அதை அழகான தமிழில் சொன்னார். திரும்பவும் கைதட்டினார்கள்.

பிறகுதான் தெரியவந்தது. கீழே நின்ற அதிகாரி, ஐயாவின் உயிருக்குத் தான் பொறுப்பு, ஹெலி கிளம்பியதும் படகுகளை விடலாம் என்று முடிவெடுத்திருக்கிறார். அவரைக் குறை சொல்ல முடியாதாம், அவருடைய கடமை அதுவாம். உதவியாளரும் தன் கடமையைச் செய்தார். கரையில் நின்ற பிள்ளையும் செய்தான். எல்லோரும் கடமையைச் செய்ததை நினைக்க நினைக்க எனக்கு வயிறு எரிகிறது.

ஹெலி எழும்பிக் கரையெல்லாம் மணலை வாரியிறைத்துவிட்டுப் போனது. அடுத்த நிமிடம் ஊரில் இருந்த அத்தனை படகும் கடலில். காவல் நின்ற பெரிய படகுகளும் போயின. பொழுது சாய முன்னமே கண்டுபிடித்துவிட்டார்கள். அவ்வளவு தூரமுமில்லை. படகு கவிழ்ந்து கிடந்தது. பஸ்ரியன் வலைக்கயிற்றால் தன் இடுப்பைப் படகோடு சேர்த்துக் கட்டியிருந்தார். ஆட்கள் வருவார்கள் என்று நம்பியவர்தானே அப்படிக் கட்டுவார்.

ஆசுபத்திரியில் டொக்டர் என்னிடம் சொல்லாமல் டிலோஜினியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அவள் அதை அடக்கி வைக்கப் பார்த்தாள், மூன்றாம் நாள் அழுதழுது சொல்லிவிட்டாள். மத்தியானத்துக்குப் பிறகும் அப்பாவுக்கு உயிர் இருந்ததாம். கூட்டம் முடிகிற நேரத்தை ஒட்டித்தான் போயிருக்கிறதாம்.

அடக்கத்துக்கு ஐயாவின் பெயரில் மலர்வளையம் வந்தது. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற வீடியோ நாடு முழுக்கப் பரவியது. சிங்களத்தில் எழுதியிருந்ததை டிலோஜினி வாசித்துச் சொன்னாள்: இப்படியொருவர் நமக்கு வேண்டும். கனடாவிலிருந்து என் ஒன்றுவிட்ட தமக்கை போன் எடுத்து, முதலில் வீடியோவைப் பற்றிச் சொல்லிவிட்டு, பிறகுதான் பஸ்ரியனைப் பற்றிக் கேட்டாள். நான் போனை வைத்துவிட்டேன்.

தேர்தலுக்கு முந்தின கிழமை ஒருநாள், இலக்கம் காட்டாத அழைப்பு ஒன்று வந்தது. ஐயா பேச வேண்டுமாம் என்றார்கள். மொழிபெயர்ப்பாளர் இல்லை, அவரேதான் பேசினார். எங்கேயோ கற்றுக்கொண்ட தமிழில் ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார்.

"அம்மா, எனக்கு மிகவும் கவலை. உங்கள் கணவரை நான் மறக்கவில்லை. நான் அன்றைக்கு உடனே சொன்னேன். படகுகள் உடனே போயின, அல்லவா? கடல்தான் முந்திக்கொண்டது, அல்லவா?"

அவருக்குத் தெரியாது. யாருமே அவரிடம் சொல்லவில்லை. ஓம் என்று சொல்லிவிட்டால் அந்த மனிதர் நிம்மதியாகத் தூங்குவார், எனக்கும் ஏதாவது உதவி வந்து சேரும். நல்ல மனிதர்தான். அதனால்தான் எனக்கு அவ்வளவு வலித்தது.

"ஐயா, நீங்கள் சொன்னனீங்கள். நான் பக்கத்தில நிண்டனான், எனக்குத் தெரியும்," என்றேன். "ஆனா ஒரு படகும் போகேல்லை. நீங்கள் ஹெலியில ஏறின பிறகுதான் விட்டவை. மேடையில நிண்டு பாத்தாக் கரை தெரியும் ஐயா. என்ர கையை விட்டிட்டு ஒருக்காத் திரும்பியிருந்தா, படகெல்லாம் கரையிலயே நிக்கிறதைக் கண்டிருப்பியள். அந்த நேரம் அவருக்கு உயிர் இருந்தது."

அவர் மூச்சு விடுவது மட்டும் கேட்டது. நான் போனை வைக்கவில்லை, அவரும் வைக்கவில்லை. பிறகு தூரத்தில் யாரோ சிங்களத்தில் அவரை அடுத்த கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள்.