பதினேழாம் எலிக்கு நான் கொடுத்த நாற்பது நிமிடம்

1

கதை எங்கிருந்து வந்தது என்று கேட்டால், கனவில் வந்தது, பேருந்தில் காதில் விழுந்தது என்பார்கள் மற்றவர்கள். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. இது நான் செய்த ஒரு திருட்டுத்தனத்திலிருந்து பிறந்தது.

முதல் தொடக்கம்: 'புல்வெளி எலியின் விழிகளில் ஏதோ ஒரு துயரம்...' (அடித்துவிட்டேன். துயரமா தூக்கமா, யார் கண்டது?)

இரண்டாம் தொடக்கம்: என் மனைவி எலிகளின் தாம்பத்தியத்தை ஆராய்கிறாள்.

இது உண்மை. இருக்கட்டும்.

2

புல்வெளி எலி என்று ஒரு வகை. ஒருமுறை ஜோடி சேர்ந்தால் பெரும்பாலும் அதே துணையை ஒட்டியே கிடக்கும். ஆண் எலியின் மூளையில் அந்த ஒட்டுதலுக்கு வாசோப்ரெசின் என்கிற ஹார்மோன் பெரிதும் வேண்டும். அது வேலை செய்யாதபடி சில ஆண் எலிகளுக்கு மட்டும் மருந்து போட்டு, எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக மூன்று அறைப் பெட்டிக்குள் விடுவாள் என் மனைவி. ஓர் ஓரத்தில் துணை, மறு ஓரத்தில் முன்பின் தெரியாத பெண் எலி, இரண்டும் கட்டிப்போடப்பட்டிருக்கும். நடு அறை காலி. மூன்று மணி நேரம் படம் எடுப்பாள். எந்தப் பக்கம் எவ்வளவு நேரம் ஒட்டி உட்கார்ந்தது என்று வேறொருவர் கணக்கெடுக்க வேண்டும். எந்தப் பக்கம் துணை, எந்த எலிக்கு மருந்து என்பது அவருக்குத் தெரியக்கூடாது.

ஒன்றும் தெரியாத ஆள் வேண்டும் என்றதும் அவளுக்கு உடனே என் ஞாபகம் வந்ததாம்.*

* அவள் சொன்னது அப்படியே. நானும் சிரித்துத் தொலைத்தேன்.

3

பதினாறு எலிகள் வரை நான் யோக்கியன். பதினேழாவது நடு அறையில் உட்கார்ந்தான். மூன்று மணி நேரமும் அங்கேயே. இடது அறையில் இருந்தவளோ அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பத்துக் கதாநாயகிகளைப் படைத்தவனுக்கு ஒரு மனைவியை அடையாளம் தெரியாதா? எனக்குப் பொறுக்கவில்லை. 'இடது: நாற்பது நிமிடம்' என்று எழுதிவிட்டேன்.

(இங்கே வாசகர் என்னைத் திட்டலாம். இடம் விட்டிருக்கிறேன்: ..........)

4

இடது அறையில் இருந்தவள் அந்த முன்பின் தெரியாதவள்.

வியாழக்கிழமை காலை, செருப்பைக்கூடப் போடாமல் வாசலில் நின்று சொன்னாள் என் மனைவி: "மருந்து போட்ட மத்ததெல்லாம் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் போகுது. பதினேழு மட்டும் பொண்டாட்டிய எட்டிக்கூடப் பாக்கல. அடுத்தவகிட்ட நாப்பது நிமிஷம். இது புதுசு."

திங்கட்கிழமை துறைத்தலைவர் முன்னால் இதைத்தான் சொல்லப் போகிறாளாம். இவ்வளவு சந்தோஷமாக அவளைப் பார்த்து மூன்று வருடம் இருக்கும். ஒரு குடும்பஸ்தனைச் சேர்த்துவைக்கப் போய், கெட்டுப்போனவன் என்று பெயர் வாங்கிக் கொடுத்துவிட்டேன்.

"என்ன முழிக்கிறீங்க? நீங்க எடுத்த கணக்குதானே?"

"ஆமா," என்றேன்.

5

முடிவு அ: உண்மையைச் சொல்கிறேன், சிரித்துவிட்டு மன்னிக்கிறாள். (மாட்டாள். இந்தக் கதாபாத்திரத்தை எனக்குப் பதினோரு வருடமாகத் தெரியும்.)

முடிவு ஆ: சொல்லவில்லை. திங்கட்கிழமை எல்லார் முன்னாலும் யாரோ ஒருவர் அந்தப் படத்தைப் போட்டுக்காட்டச் சொல்ல, அவள்...

முடிக்கத் துணிச்சலில்லை. நேரில் சொல்லவும் வாய் வரவில்லை. ஆனால் என் கதைகளை முதலில் படிப்பவள் அவள்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் பென்சிலும் கையுமாக உட்காருவாள். இதுவரை எழுதியதை அவள் முன்னால் வைத்தேன்.

6

படித்துவிட்டாள். ஓர் எழுத்தைக்கூடத் திருத்தவில்லை. திட்டுவதற்கு நான் விட்ட புள்ளிகளின் மேல் மட்டும், 'இடம் பத்தாது' என்று பென்சிலால் எழுதியிருக்கிறாள். பிறகு எழுந்து போய்விட்டாள்.

எங்கள் வீட்டிலும் வரிசையாக மூன்று அறைகள். நடுவில் நான். ஓர் ஓரத்து அறையில் அவள், பதினேழாம் எலியை முதலிலிருந்து ஓடவிட்டுத் தானே கணக்கெடுக்கிறாள். மறு ஓரத்து அறையில் என் மேசை. அவள் சிரித்துவிட்டு மன்னிக்கும் அந்த முடிவு அங்கே ஜோராகக் காத்திருக்கிறது.

இனி நீங்கள்தான் குறித்துக்கொள்ள வேண்டும். இடதா, வலதா, எத்தனை நிமிடம். எந்தப் பக்கம் அவள் என்று சொல்ல மாட்டேன், கணக்கெடுப்பவருக்குத் தெரியக்கூடாது. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். நான் நடுவிலேயே உட்கார்ந்திருந்தால், உட்கார்ந்திருந்தான் என்றே எழுதுங்கள். பாவம் பார்த்து நாற்பது நிமிடம் போட்டுவிடாதீர்கள்.