யார் குழி வெட்டுவது

மேட்டு ஊர், பள்ளத்து ஊர், ஆற்றோர ஊர், மூன்றும் சேர்ந்தால் ஒரு பஞ்சாயத்து. மூன்றுக்கும் ஒரே இடுகாடு. செத்தவர் எந்த ஊரோ அந்த ஊர்க்காரன் மண்வெட்டியைத் தொடக்கூடாது, மற்ற ஊர்க்காரன்தான் வெட்ட வேண்டும். வெட்டியவன் பிடிமண் போடக்கூடாது. குழி அசலானுக்கு, பிடிமண் சொந்தத்துக்கு. எவன் வைத்த சட்டமோ, இதுவரை தப்பியதில்லை.

பள்ளத்து ஊரில் முள்ளுக்கிழவரின் மனைவி செத்த மறுநாள் காலை, அவர் தனியாக இடுகாட்டுக்குப் போய்ப் பார்த்தார். யாரையும் நம்புகிற ஆள் இல்லை அவர். பால் வாங்கினால்கூட விரலை விட்டுப் பார்ப்பார். அங்கே ஒரு பிடி மண்கூடப் புரளவில்லை.

போன கோடையில் தண்ணீர் முறைக்காக ஆற்றோர ஊர் பம்ப்காரனின் சட்டையைப் பிடித்திருந்தார். அந்த வஞ்சத்தைப் பிணத்தின்மேல் காட்டுகிறான் என்றே நினைத்தார். வீட்டு வாசலில் மூன்று ஊரும் கூடியிருந்தது. நேராக அவனிடம் போனார்.

“ஏண்டா, கோவம்னா என்னை அடி. அவ என்னடா பண்ணினா? குழி எங்க?”

“என்ன பெரியப்பா இது? எங்க ஊர் பள்ளிக்கூடத்துல ஆயுசு முழுக்க ஆக்கிப் போட்டவங்க. எங்க ஊர் மனுசி. மேட்டு ஊர்ல வெட்டியிருப்பாங்கன்னு இருந்தோம்.”

“நல்லா இருந்தீங்க!” மேட்டு ஊரிலிருந்து வந்திருந்த மனைவியின் அண்ணன் பாய்ந்தார். “பொறந்தது எங்க ஊரு. என் தங்கச்சிக்கு நான் குழி வெட்டுவேனா, மாப்பிள்ளை? ஆத்தோரம் வெட்டும்னு நாங்க இருந்தோம்.”

“போகும்போது ஒரு ஊரையாவது பகைச்சிட்டுப் போயிருக்கலாம் அந்தம்மா” என்றது ஒரு குரல். யாரும் சிரிக்கவில்லை.

கிழவர் திண்ணையில் உட்கார்ந்தார். திட்ட வந்த வாய்க்குத் திட்ட ஆளில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மூன்று ஊரில் ஒருத்தன்கூட ‘அவள் எங்களுக்கு அசல்’ என்று சொல்லத் தயாராக இல்லை.

கடைசியில் பம்ப்காரன் துண்டைத் தலையில் கட்டினான்.

“உங்களுக்குத்தான் என்னைக் கண்டாலே ஆகாதே, பெரியப்பா. நான் அசலான்னே வச்சுக்குங்க. மண்வெட்டி எங்க?”

“பிடிமண் போட முடியாதுடா.”

“தெரியும்.”

அவள் கையால் தின்று வளர்ந்த உடம்பு அது. ஒரே ஆளாக வெட்டினான். பெட்டி இறங்கும்போது வேலிக்கு வெளியே போய் முதுகைக் காட்டி நின்றுகொண்டான்.

கிழவர் ஒரு பிடி மண் போட்டார். வேலிப்பக்கம் ஒரு முறை பார்த்தார். குனிந்து இன்னொரு பிடி அள்ளிப் போட்டார்.

அது யாருடையது என்று யாரும் கேட்கவில்லை.