பேய்க்குப் பொருந்தாத பல்

என் அக்கா ஒரு பேய். இதைச் சொன்னதும் கல்யாணமானவர்கள் அவரவர் நாத்தனாரை நினைத்துக்கொண்டு தலையாட்டுவார்கள். நான் அந்த அர்த்தத்தில் சொல்லவில்லை. இருபத்திரண்டு வயதில் அவள் ஒரு சினிமாவில் பேயாக நடித்தாள். அதுதான் அவளுடைய முதல் படம், கடைசிப் படமும் அதுவே. படத்தின் பெயரைச் சொன்னால் இன்றைக்கும் கையில் கிடைத்ததை எடுத்து எறிவாள். அதனால் எங்கள் வீட்டில் பெரியவர்கள் நாங்கள் அதைப் பேய்ப்படம் என்றே சொல்லிப் பழகிவிட்டோம்.

படம் வெளியான அன்று அம்மா, அக்கா, நான் மூவரும் முதல் காட்சிக்குப் போனோம். இடைவேளைக்குச் சற்று முன்னால் பேய் முதல்முறையாகத் திரும்பிப் பார்க்கும். தலைவிரி கோலம், வாயோரம் ரத்தம், நீளமான பற்கள். அந்தப் பல் செட்டை வேறொரு நடிகைக்காகச் செய்திருந்தார்கள். அவர் கடைசி நேரத்தில் கைவிரித்துவிட, அதே பல்லை அக்காவின் வாயில் மாட்டிவிட்டார்கள். அளவு சேரவில்லை, உதடு மூடவில்லை. பயமுறுத்த வந்த பேய் யாரோ சொன்ன ஜோக்கைக் கேட்டுக்கொண்டு நிற்பதுபோல் நின்றது. தியேட்டரே சிரித்தது. "ஏம்மா, முதல்ல ஒரு நல்ல பல் டாக்டரப் பாரும்மா!" என்று பின்வரிசையிலிருந்து ஒருவன் கத்தினான். அதற்குத் தனியாக இன்னொரு சிரிப்பு.

அக்கா கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு இருட்டிலேயே எழுந்து வெளியே போனாள். நாங்களும் பின்னால் ஓடினோம். மீதிப் படத்தை எங்களில் ஒருவரும் பார்க்கவில்லை. அன்றிலிருந்து சிரிப்பு வந்தால் அவள் கை தானாக வாய்க்குப் போய்விடும். அவளுடைய சொந்தப் பற்கள் அவ்வளவு வரிசையாக இருக்கும் என்பதுதான் கொடுமை. எனக்கு அந்தக் கையைப் பார்க்கும்போதெல்லாம் பின்வரிசைக்காரன் மேல் கோபம் வரும், இன்றைக்கும்.

சினிமாவுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு அக்கா வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டாள். இப்போது டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறாள். "பிரேக்!" என்று அவள் ஒரு சத்தம் போட்டால் பக்கத்தில் போகிற லாரியும் நிற்கும். மாமா, அதாவது அவள் கணவர், ஆபீசில் உட்கார்ந்து போன் பேசுவார். பேசச் சொன்னால் பேசிக்கொண்டே இருப்பார், நிறுத்தத்தான் ஆளில்லை.

நான் ஒரு டிவி சானலில் எடிட்டர். பேர்தான் எடிட்டர், வேலை கத்தரிப்பது. சிகரெட், கெட்ட வார்த்தை, ரத்தம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, விளம்பரத்துக்கு இடம் விட்டு, படத்தைக் குறித்த நேரத்துக்குள் உட்கார வைக்க வேண்டும். எத்தனையோ பெரிய மனிதர்களின் படங்களை வெட்டியிருக்கிறேன், ஒருவரும் போன் செய்து ஏனென்று கேட்டதில்லை.

போன் செய்கிறவர்கள் வேறு சாதி. ஓடாத படங்களுக்கென்றே உயிரை விடுகிற கூட்டம் ஒன்று இருக்கிறது. தலை திருப்பும் பொம்மை, ஆளை விழுங்கும் செடி, ராத்திரியில் தானாக வாசிக்கும் வீணை என்று எங்கெங்கோ முடங்கிக் கிடக்கும் படங்களைத் தேடிப் பிடித்து, இதையெல்லாம் ஏன் டிவியில் போடுவதில்லை என்று சண்டைக்கு வருவார்கள். நியாயமான சண்டைதான். நாங்கள் ஹிட்டான பத்துப் படத்தையே திருப்பித் திருப்பிப் போட்டு ஜனங்களுக்கு வசனம் மனப்பாடம் ஆக்கிவிட்டோம்.

அந்தக் கூட்டத்தில் ஒரு மருந்துக்கடைக்காரர். அவர் தொல்லை தாங்காமல் ரிசப்ஷனில் என் நம்பரைக் கொடுத்துவிட்டார்கள். ஒவ்வொரு திங்கட்கிழமையும் கடையைத் திறந்ததும் முதல் வேலையாக எனக்குத்தான் போன். அவர் கேட்பது ஒரே படம், எங்கள் வீட்டுப் பேய்ப்படம்.

"யாரோ ஏத்தின காப்பி இன்டர்நெட்ல இருக்கே, பாத்துக்கலாமே?" என்றேன் ஒருநாள்.

"தனியா உக்காந்து பாக்குறது வேற மேடம். டிவில போட்டாதான் ஊரே ஒண்ணா பாக்கும். அந்தப் படத்துக்கு அது நடக்கவே இல்லையே!"

பேய் என் கூடப் பிறந்தவள் என்று நான் அவரிடம் மூச்சுவிடவில்லை. சொல்லிவிட்டால் திங்கட்கிழமை போதாமல் எல்லாக் கிழமையும் கூப்பிடுவார்.

எங்கள் நிகழ்ச்சித் தலைவருக்கு ரிமோட் என்று பெயர் வைத்திருக்கிறோம். மற்ற சானல்களை மாற்றி மாற்றிப் பார்த்துப் பொருமுவதே அவர் தொழில். ஒருநாள் பாட்டுப் போட்டி நடத்துகிறவர்கள் அவரோடு சண்டை போட்டுக்கொண்டு போய்விட, ஞாயிற்றுக்கிழமை மதியம் காலியானது. சானல் மொத்தமாக வாங்கிய படங்களோடு சேர்ந்து இலவசமாக வந்தவற்றில் பேய்ப்படமும் இருந்தது. நானே வாய் திறந்து எடுத்துக் கொடுத்தேன்.

"மதியத்துல பேயா?" என்றார் ரிமோட். "சரி, போட்டுத் தொலைப்போம். ஆனா ரத்தம் கூடாது, கோரம் கூடாது. குழந்தைங்க பயப்படக் கூடாது."

"அப்ப பேய் என்னதான் சார் பண்ணும்?"

"வந்துட்டுப் போகட்டும்மா. வெட்டுற எடத்துல வேற ஏதாவது காட்சிய ஒட்டு, நேரம் குறையக் கூடாது. அலறல் வந்தா மியூசிக்கப் போட்டு மூடிடு."

அன்று மாலையே அக்காவிடம் சொல்லப் போனேன். எறிவதற்குத் தோதாக அருகில் என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொண்டுதான் சொன்னேன். அவள் எதையும் எடுக்கவில்லை. பயிற்சி வண்டியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"சிரிப்பாங்கல்ல?" என்றாள்.

"அதெல்லாம் அந்தக் காலம்க்கா."

"அன்னிக்கு ஒரு தியேட்டர்தான் சிரிச்சுச்சு. இப்ப ஊரே சிரிக்கும். எங்கிட்ட கத்துக்கிறவங்க எல்லாரும் பாப்பாங்க. நாளைக்கு நான் பிரேக்குன்னு கத்தினா எவன்டி போடுவான்? எல்லாரும் என் பல்லைத்தான் பாப்பாங்க."

"வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லு, நிறுத்திடறேன்."

துணியைப் பிழிந்தாள். மறுபடியும் துடைத்தாள். "கடைசி சீன்னு ஒண்ணு இருக்கு. அன்னிக்கு அந்தப் பல்லு உடைஞ்சுபோச்சு, ஒட்டவும் நேரமில்ல. பல்லு இல்லாமலே நடிச்சேன். நல்லா பண்ணேன்டி. எனக்கே தெரிஞ்சுது. அதை நான் பார்த்ததே இல்ல." பிறகு கண்ணாடியைப் பார்த்துச் சொன்னாள்: "போடு. ஆனா அதுல மட்டும் கை வைக்காத."

இங்கே என் லட்சணத்தையும் சொல்லிவிட வேண்டும். எனக்கு எந்தப் பேய்ப்படம் என்றாலும் பயம். இத்தனை வருடத் தொழிலில் நான் கண்டுபிடித்த உண்மை, பயம் படத்தில் இல்லை, சத்தத்தில்தான் இருக்கிறது என்பது. அதனால் பேய்ப்படம் வந்தால் சத்தத்தை முழுக்க அணைத்துவிட்டு, ஹெட்செட்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வெட்டுவேன். அதிலும் இது என் அக்காவின் அழுகை. சின்ன வயதில் அவள் வசனத்தைப் பக்கத்து அறையில் ஒத்திகை பார்க்கும்போதே போர்வைக்குள் ஒளிந்தவள் நான்.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வேலை பார்த்தேன். ரத்தம் எல்லாம் அந்தப் பல்லில்தான் இருந்தது. பல் வருகிற ஒவ்வொரு இடத்தையும் எடுத்துவிட்டு, பூட்டிய கதவு ஒன்றின் காட்சியை அதே நீளத்துக்கு ஒட்டினேன். பேய் வரும்போதெல்லாம் கதவு. வெட்டி முடித்தபோது அக்காவின் முகம் கடைசிக் காட்சியில் மட்டும்தான் மிச்சம் இருந்தது. அதன்மேல் சத்தியமாகக் கை வைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனால் வாசல் நிறையச் செருப்பு. மாமா வேலையைக் காட்டியிருந்தார். டிரைவிங் ஸ்கூலில் இருக்கிற அத்தனை பேரையும் போன் போட்டு அழைத்திருந்தார்.

"பெருமையான விஷயம்தானே, நாலு பேர் பாக்கட்டுமேன்னு கூப்பிட்டேன்," என்றார் என்னிடம்.

"நாலு பேரா மாமா இது?"

சோபா, தரை, மாடிப்படி என்று எங்கும் ஆட்கள். லைசென்ஸுக்கு மூன்றாவது முறையாக முயற்சி செய்கிற வாட்டசாட்டமான ஒரு பேங்க் மேனேஜர் மடியில் தலையணையோடு முன்னால் உட்கார்ந்திருந்தார். எனக்குக் கவலையெல்லாம் அக்கா மகளைப் பற்றித்தான். காலேஜில் படிக்கிறாள், அம்மா சினிமாவில் நடித்த கதை அவளுக்கு அன்றுவரை தெரியாது. எதற்கெடுத்தாலும் சிரிக்கிற பெண், ஒருமுறை துக்கம் விசாரிக்கப் போன இடத்திலேயே சிரித்துவைத்தாள். "அம்மா, நீ பேயா? எனக்கு முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல!" என்று இப்போதே ஆரம்பித்திருந்தாள். அக்கா சமையலறை வாசலில் நின்றாள். அவள் டிவியைப் பார்க்கவில்லை. பார்க்கிறவர்களின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கைக்குட்டை தயாராகக் கையில் இருந்தது.

ஜன்னலுக்கு வெளியே பளிச்சென்று வெயில். படம் ஓடியது. அந்த இடம் வந்தது. திரையில் பேய் திரும்பவில்லை, பூட்டிய கதவு வந்து நின்றது. கதவுக்குப் பின்னாலிருந்து அக்கா அழ ஆரம்பித்தாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கதவை ஒட்டினேனே தவிர, சத்தத்தைத் தொடவே இல்லை. காதில் எதுவும் கேட்காமல் வெட்டியவளுக்கு, மூட வேண்டிய சத்தம் ஒன்று இருப்பதே நினைவில்லை. முதலில் மெல்லிய விம்மல். பிறகு, பெற்ற பிள்ளையைக் கதவுக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்ட ஒருத்தியின் அழுகை. பிறகு அலறல். திரையில் கதவு அசையவே இல்லை. உள்ளே என்ன நடக்கிறது என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

ஒருவரும் சிரிக்கவில்லை. பேங்க் மேனேஜர் தலையணையைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். படிக்கட்டில் இருந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராகக் கீழே இறங்கி வந்து கூட்டத்தோடு ஒட்டிக்கொண்டார்கள். அக்கா மகள் வாயைத் திறந்தவள் திறந்தபடியே இருந்தாள்.

விளம்பர இடைவேளையில் ரிமோட் போனில் குதித்தார். "என்னம்மா சத்தம் அது? என் பேரன் கட்டிலுக்கு அடியில போய்ட்டான், வெளிய வரமாட்டேங்கறான்!" நான் ஏதோ உளறினேன். "திங்கக்கிழமை வா, பேசிக்கலாம்," என்று வைத்துவிட்டார். என் வேலைக்குச் சங்கு ஊதியாகிவிட்டது என்றே நினைத்தேன்.

மீதிப் படம் முழுக்க இப்படியே போனது. கதவு, குரல், கதவு, குரல். கடைசிக் காட்சி வந்தது. பேய் ஒரு தொட்டித் தண்ணீரில் முகத்தைக் கழுவுகிறது. நிமிர்கிறது. இவ்வளவு நேரம் கேட்டுக்கொண்டே இருந்த குரலுக்கு அப்போதுதான் முகம் கிடைத்தது. இருபத்திரண்டு வயது அக்கா, ஈர முகத்தோடு, தூங்குகிற குழந்தையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தொடக் கை நீட்டினாள். தொடாமலே கையை இழுத்துக்கொண்டு போய்விட்டாள். அவ்வளவுதான் படம்.

அறையில் விசும்பல் கேட்டது, பேங்க் மேனேஜர்தான். அக்கா மகள் எழுந்து நேராகச் சமையலறை வாசலுக்குப் போய் அம்மாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "எங்கயும் போயிடாதம்மா," என்றாள். அவள் சிரிக்கவே இல்லை. மகளின் தலைக்கு மேலாக அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது என் போன் அடித்தது. திங்கட்கிழமை இல்லாமலே மருந்துக்கடைக்காரர். எடுத்ததும் பொரிந்து தள்ளினார்.

"பல்லு எங்க மேடம்? பல்லக் காணோமே! கதவு வெச்சது பயமாத்தான் இருந்துச்சு, இல்லைன்னு சொல்லல. ஆனா எனக்கு அந்தப் பல்லுதாங்க படமே!"

அறை முழுக்கக் கேட்கும்படி கத்தினார். அக்காவின் முகம் சுருங்கியது. நான் போனை அணைக்கப் போனேன், அவள் கையை நீட்டி வாங்கிக்கொண்டாள்.

"நீங்களும் அந்தப் பல்லைப் பாத்து சிரிச்சவருதானா?" என்றாள்.

"யாருங்க பேசறது?"

"நான்தான் அந்தப் பேய்."

நானும் போன் அருகே காதைக் கொண்டுபோனேன். அவர் மெதுவாக, வேறு ஒரு குரலில் பேசினார். "அக்கா, நான் அப்ப சின்னப் பையன். முதல் ஷோவுக்கு எங்கப்பா கூட்டிட்டுப் போனாரு. எல்லாரும் சிரிச்சாங்க. நான் சீட்டுக்கு அடியில போய் ஒளிஞ்சேன். உங்க உதடு மூட முடியாம நடுங்கிச்சு. இவங்களுக்கு எங்கயோ வலிக்குது, அது யாருக்கும் புரியல, சிரிக்கிறாங்களேன்னு எனக்கு அழுகையா வந்துச்சு."

அக்கா சுவரில் சாய்ந்துகொண்டாள். "வலிதாம்ப்பா," என்றாள். "ஈறு கிழிஞ்சு ரத்தம் வந்துச்சு. அதுல பாதி நிஜ ரத்தம்."

"தெரியும்க்கா," என்றார் அவர். "அதனாலதான் வாராவாரம் போன் போட்டேன்."

அக்காவுக்குக் கண் நிறைந்தது. அழப் போகிறாள் என்று நினைத்தேன். சிரித்தாள். ஒரு கையில் போன், இன்னொரு கையில் மகள். வாயை மூடக் கை மிச்சமில்லை, மூடவேண்டும் என்ற நினைப்பும் அவளுக்கு இல்லை. அத்தனை பல்லும் தெரிய, அறையே அதிர, பிரேக் போடச் சொல்லும் அதே குரலில் சிரித்தாள். கைக்குட்டை காலடியில் கிடந்தது.

திங்கட்கிழமை ரிமோட் என்னைத் திட்டிவிட்டு, அதே மூச்சில், இந்த மாதிரி வேறு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். போன் ஓயவில்லையாம். பொம்மை, செடி, வீணை எல்லாவற்றையும் சொன்னேன். ஆனால் அது அடுத்த நாள் கதை. அன்று மதியம், போனை என்னிடம் திருப்பிக் கொடுத்தபோது அக்கா சொன்னது இதுதான்:

"அடுத்த தடவ பல்லோட போடுடி."