பதினொரு கிராம்

1

மார்ச் 14. ஒரு தவறு செய்துவிட்டேன். மாலை நேர எழுத்து வகுப்புக்காகச் சித்தியின் மருத்துவப் பரிசோதனையைக் கதையாக்கினேன். முதல் பிரதியை, ‘பேட் உலர்ந்தே இருந்தது, சித்தி வென்றாள்’ என்று முடித்திருந்தேன். படித்த சித்தி தாளாலேயே என் தலையில் தட்டினாள்.

“அடி மக்கு, காஞ்சு போயிருந்தா நான் தோத்திருப்பேன்டி!”

2

திருத்திய தொடக்கம்: மருத்துவமனை நடைபாதையில் இளவெயில் மெல்ல… (வேண்டாம். வெயிலுக்கு இங்கே வேலையில்லை.)

சித்தி விளையாட்டு டீச்சர். இருமினால், தும்மினால், குதித்தால் சிறுநீர் கசியும். அதனால் பிள்ளைகளுக்குக் குதித்துக் காட்டுவதை விட்டுவிட்டாள்; நாற்காலியும் விசிலும்தான். முதலில் பார்த்த டாக்டர், “எல்லாம் உங்க மனப் பிரமைம்மா” என்று அனுப்பிவிட்டார். இந்த மருத்துவமனையில் அளந்து பார்க்கிறோம் என்றார்கள். அளவில் தெரிந்தால் சிகிச்சை. தெரியாவிட்டால் மறுபடி மனப் பிரமை.

3

நர்ஸ் உலர்ந்த பேடை எடை போட்டுக் கொடுத்தார்; சித்தி அதை உள்ளாடையில் வைத்துக்கொண்டாள். சித்தி அரை லிட்டர் தண்ணீர் குடித்தாள். சற்று நேரம் உட்கார்ந்தாள். பிறகு நடந்தாள், மாடிப்படி ஏறி இறங்கினாள், இருமினாள்.

(இங்கே சித்தி வெட்கப்பட்டாள் என்று எழுதியிருந்தேன். பொய். வெட்கப்பட்டது நான்.)

சித்தியின் கவலை வேறு. “இத்தனை நாள் மானத்தை வாங்கின சனியன், இன்னைக்குப் பார்த்து நல்ல பிள்ளை வேஷம் போடுதே!”

கடைசியாக, நின்ற இடத்திலேயே குதிக்க வேண்டும்.

“மெதுவா குதிங்கம்மா.”

“மெதுவா குதிக்கவா எனக்குச் சம்பளம் குடுக்கறாங்க, சிஸ்டர்?”

அலமாரிக் கண்ணாடி அதிர்ந்தது.

பேட் மறுபடி தராசுக்குப் போனது. ஒரு கிராமுக்கு மேல் கூடினாலே கசிவு உறுதி. கூடியிருந்தது பதினொன்று.

சித்தி கோப்பை வென்றவள்போல் இரு கைகளையும் தூக்கினாள். “பெரிசா எழுதுங்க சிஸ்டர்! மனப் பிரமைன்னா தராசுல நிக்குமா?”

(வாசகர் நம்புவாரா? ஐந்தாகக் குறைக்கலாமா என்று கேட்டேன். “என் கிராமைக் குறைக்க நீ யாருடி?”)

4

முடிவு அ: பயிற்சி செய்து, குணமாகிக் குதிக்கிறாள்.

முடிவு ஆ: அறுவை சிகிச்சைக்குப் பிறகு குதிக்கிறாள்.

முடிவு இ: கொஞ்சம் கசிந்தாலும், நாற்காலியைத் தள்ளிவிட்டு…

எனக்குத் தேர்ந்தெடுக்கத் தெரியவில்லை. நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். குதிப்பதில் மட்டும் கைவைக்காதீர்கள்.

நாளை: வகுப்பில் இதை உரக்கப் படிக்க வேண்டும். சித்தி முன்வரிசையில் உட்காருவாளாம். ‘சிறுநீர்’ என்ற இடத்தில் குரலைத் தாழ்த்தக் கூடாது.