சீல்காரர் வீட்டுக் கேமரா

மின்சார மீட்டர்களுக்குச் சீல் வைப்பது அவர் உத்தியோகம். இருபத்திரண்டு வருஷமாக அதே வேலை என்பதால் எல்லோருக்கும் அவர் சீல்காரர்தான். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் பிழைத்துக் கிடந்தது.

அப்பேர்ப்பட்ட மனுஷர் ஒரு கேமரா வாங்கினால் சும்மா இருப்பாரா? விலையைக் கேட்ட அவர் மனைவி பில்லை வாங்கி இரண்டு தடவை படித்துப் பார்த்தாள். கடைக்காரர் லென்ஸை மாட்டிக் கொடுத்ததும், கேமராவும் லென்ஸும் சேரும் இடத்தைச் சுற்றி சீல்காரர் அங்கேயே டேப் ஒட்டி, அதன் மேல் குறுக்காகக் கையெழுத்தும் தேதியும் போட்டுவிட்டார். ஐந்து வருஷமாக அந்த டேப் பிரியவில்லை. காற்றுப் புகாத டப்பாவுக்குள், ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களோடு, பீரோவின் நடுத்தட்டில் கேமரா ராஜபோகமாக இருந்தது. மாதா மாதம் பொட்டலத்தை மாற்றுவார், மாற்றிய தேதியை நோட்டில் குறிப்பார். வீட்டு விசேஷம் என்றால் நாலு படம் எடுப்பார், அதோடு சரி.

அவருடைய தங்கைக்கோ கேமராவைத் திறந்து துடைப்பதுதான் பிழைப்பே. 'எங்கள் அங்கீகாரம் பெற்றவர்' என்று அந்தக் கேமராக் கம்பெனியே அவள் கடைக்கு போர்டு கொடுத்திருந்தது. கல்யாணப் படம் எடுக்கிறவர்கள், பத்திரிகைக்காரர்கள் எல்லோரும் அவளிடம்தான் வருவார்கள். "ஒரு தடவை குடுண்ணே, துடைச்சுத் தரேன்" என்று அவளும் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனாள். "கை படாத பொருள்மா அது" என்பார். தங்கச்சி கை என்றாலும் அவருக்குக் கை கைதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் அண்ணன் வீட்டுக்கு வந்தாள். தட்டில் போட்டதைத் தொடவில்லை.

"நாளைக்கு கம்பெனி ஆள் வர்றாரு. போர்டைக் கழட்டப் போறாங்க."

படம் பதிகிற சென்சாருக்கு மேலே மெல்லிசாக ஒரு கண்ணாடி மூடி உண்டு. சீல்காரர் வைத்திருந்த அதே மாடல் கேமராக்களில் அதன் மேல் வெள்ளைப் புள்ளிகள் வந்துகொண்டிருந்தன. துடைத்தால் போகாத புள்ளிகள். அவள் துடைத்ததில் பதினோரு கேமராக்களில் வந்துவிட்டன. கண்ட திரவத்தைப் போட்டு அழுத்தித் துடைத்திருக்கிறாள், மேல்பூச்சு உரிந்துவிட்டது என்கிறது கம்பெனி.

"கண்ணாடியே சரியில்லண்ணே. ஆனா என்கிட்ட இருக்கிறதெல்லாம் நான் துடைச்ச கேமராதான். எதைக் காட்டினாலும் என் தலையிலதான் விடியுது. யாருமே துடைக்காத ஒண்ணு இருந்தா..." என்று சொல்ல வந்தவள் சட்டென்று நிறுத்திக்கொண்டாள்.

அண்ணி நிறுத்தவில்லை. "பீரோவுக்குள்ள ஒண்ணு தூங்குதே."

"வேண்டாம் அண்ணி. அதுல ஒண்ணும் இல்லேன்னு வந்துட்டா, தப்பு என் கைதான்னு ஆயிடும்."

சீல்காரர் எழுந்து கை கழுவப் போனார். புள்ளி இல்லாவிட்டால் தங்கச்சி பேர் நாறிப்போகும். இருந்தால் அவர் கேமரா போச்சு. குழாயைத் திறந்துவிட்டு நின்றவருக்கு இரண்டாவதே தேவலை என்று பட்டது. அப்படிப் பட்டதில் அவருக்கே ஆச்சரியம். துண்டை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தார்.

"உன் கை என்னன்னு எனக்குத் தெரியும். காலையில கொண்டுவரேன். நீ முதல்ல சாப்பிடு."

மறுநாள் கடையில் கூட்டம். புகார் கொடுத்த கல்யாணப் படக்காரர் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார். சீல்காரர் டப்பாவையும் நோட்டையும் மேஜையில் வைத்தார். கம்பெனி ஆள் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு டேப்பை நகத்தால் நெருடிப் பார்த்தார். அறுபது மாதத் தேதிகளையும் புரட்டினார்.

"இதுக்கு முன்னாடி வேற யாராவது தொட்டிருக்காங்களா, சார்?"

"என் பொண்டாட்டியே தொட்டதில்ல."

"அது சத்தியம்" என்றாள் பின்னாலிருந்து மனைவி.

லென்ஸின் துவாரத்தை முழுக்கச் சுருக்கி, தங்கை ஒரு வெள்ளைத் தாளைப் படம் எடுத்தாள். அப்படிச் சுருக்கினால்தான் கண்ணாடிமேல் இருப்பது தெரியும். சீல்காரர் ஒரு நாளும் அப்படி எடுத்ததில்லை. படம் திரையில் வந்தது. ஏழு புள்ளிகள். ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு வெளிறிய வளையம்.

சீல்காரர் திரையில் விரல் வைத்து ஒவ்வொன்றாக எண்ணினார். பொத்திப் பொத்தி வைத்த பொருள் ஆயிற்றே. ஆனால் தங்கை முகத்தைப் பார்த்ததும் அந்த ஏழும் போதாது, இன்னும் ரெண்டு இருந்தாலும் நல்லதுதான் என்று தோன்றிவிட்டது.

"தூசியா இருக்கலாம்" என்று இழுத்தார் கம்பெனி ஆள்.

"திறந்தே பாருங்க" என்று சீல்காரர் தன் வேலைப் பையிலிருந்து கத்தியை எடுத்தார். ஊரில் யார் வீட்டு மீட்டரிலாவது சீல் அறுந்திருந்தால் உண்டு இல்லை என்று ஆக்கிவிடுகிறவர், தன் கையெழுத்தைத் தானே அறுத்தார். தங்கை லென்ஸைக் கழற்றி, கண்ணாடிமேல் காற்றை மட்டும் ஊதினாள். மறுபடி மாட்டி எடுத்த படத்திலும் அதே ஏழு, அதே இடத்தில். கம்பெனி ஆள் பூதக்கண்ணாடி வைத்து ரொம்ப நேரம் குனிந்திருந்தார். பிறகு வெளியே போய் யாருக்கோ போன் பேசினார். திரும்பி வந்து தன் அறிக்கையில் முன்பு எழுதியதை அடித்துவிட்டு, கண்ணாடியின் குறை, துடைத்தவர் பேரில் தவறில்லை என்று எழுதி, கையெழுத்துப் போட்டார். கல்யாணப் படக்காரர் கட்டியிருந்த கையை இறக்கி, "மன்னிச்சிடும்மா" என்றார்.

போர்டு அங்கேயே தொங்கியது. அன்று சாயங்காலத்துக்குள் சீல்காரரின் ஆபீசில் இந்தக் கதையைக் கேட்காதவர் ஒருத்தர் பாக்கியில்லை. "அத்தனை பெரிய கம்பெனி, என் தங்கச்சி கையில குத்தம் கண்டுபிடிக்க முடியல. என் கேமராவுல மட்டும் ஏழு" என்று புள்ளிகளைக்கூடப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

ஒன்றரை மாதம் கழித்துக் கம்பெனியிலிருந்து புதுக் கண்ணாடி போட்டு கேமரா தங்கை கடைக்கே வந்தது. அதை வாங்க வந்த அண்ணனின் சட்டைப் பையில் டேப் இருக்கும் என்று அவள் நினைத்தாள். அவர் கேமராவை அவள் பக்கமே தள்ளினார்.

"துடை."

"புதுசுண்ணே. ஒரு தூசிகூட இல்ல."

"இல்லாட்டி என்ன, துடை. எல்லாரும் பாக்கட்டும்."

வரிசையில் ஆறேழு பேர் நின்றார்கள். அவள் கண்ணை ஒருமுறை புறங்கையால் ஒற்றிக்கொண்டு, லென்ஸைக் கழற்றினாள். மெல்லிய துணி சுற்றிய குச்சியை எடுத்து, கண்ணாடியை இடமிருந்து வலமாக ஒரே இழுப்பில் துடைத்தாள்.